வலி மாத்திரையை விட்டால் வலி கூடுகிறதே, ஏன்?

கேள்வி: என் கணவருக்கு 39 வயது. விசைத்தறி ஓட்டுகிறார். மூன்று வருடத்துக்கு முன் பாவு பீமைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. ஸ்கேனில் டிஸ்க் விலகல் என்றார்கள். அப்போது பத்து நாளைக்கு எழுதிக் கொடுத்த டிரமடால், பாராசிட்டமால் கலந்த மாத்திரையை அவர் இன்றுவரை விடவில்லை. காலையில் ஒன்று என்று ஆரம்பித்தது இப்போது ஒரு நாளைக்குப் பன்னிரண்டு. சனிக்கிழமை குடிப்பழக்கமும் உண்டு. இரண்டு முறை தானாகவே நிறுத்திப் பார்த்தார். இரண்டாம் நாளே கொட்டாவி, மூக்கொழுகல், வயிற்றோட்டம், உடம்பெல்லாம் புல்லரிப்பு. தலைக்குள் கரண்ட் அடிப்பதுபோல் இருக்கிறது என்றார். இடுப்பு வலி முன்பைவிட மோசமாகி, திரும்பவும் மாத்திரைக்கே போய்விட்டார். போன மாதம் ஒரு ராத்திரி கை கால் வெட்டி இழுத்து வாயில் நுரை தள்ளியது. சாவிக்கொத்தைக் கையில் கொடுத்தோம், நின்றது. மாமியார் இது நரம்புத் தளர்ச்சி என்று வாரம் ஒரு சத்து ஊசி போடச் செய்கிறார். கொழுந்தனார், அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் மருந்து வாங்கித் தருகிறேன் என்கிறார், இல்லாவிட்டால் ஏதாவது இல்லத்தில் ஆறு மாதம் அடைத்து வைக்கலாம் என்கிறார். அவர் நரம்பு கெட்டுவிட்டதா? சரியாகுமா?
- ஈரோடு மாவட்ட வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

சரியாகும். ஆனால் உங்கள் கேள்விக்கு முன்னால் ஒரு கணக்கைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அதுதான் இந்த வாரமே செய்ய வேண்டியதைச் சொல்கிறது. இந்தக் கலவை மாத்திரையில் வழக்கமாக டிரமடால் 37.5 மில்லிகிராம், பாராசிட்டமால் 325 மில்லிகிராம் இருக்கும். அட்டையின் பின்பக்கம் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பன்னிரண்டு மாத்திரை என்றால் டிரமடால் 450 மில்லிகிராம், பாராசிட்டமால் 3,900 மில்லிகிராம். டிரமடாலுக்கு ஒரு நாள் உச்ச வரம்பு 400. அதைத் தாண்டினால் வலிப்பு வரும் அபாயம் ஏறுகிறது. மதுவும் சேர்ந்தால் இன்னும் ஏறுகிறது. போன மாதம் வந்த வலிப்புக்கு இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். பாராசிட்டமாலுக்கு ஆரோக்கியமானவருக்கே நாளொன்றுக்கு 4,000தான் எல்லை. குடிப்பவருக்கு, அதுவும் வருடக்கணக்காக எடுப்பவருக்கு, அந்த எல்லை இன்னும் கீழே. அவருடைய கல்லீரல் தினமும் விளிம்பில் நிற்கிறது.

அதனால் இரண்டு விஷயம். ஒன்று, நாளைக்கே எல்லாவற்றையும் பிடுங்கி எறியாதீர்கள். இரண்டு, "கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்துக்கொள்ளலாம்" என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளவும் வேண்டாம். மருத்துவர் பார்க்கும்வரை பன்னிரண்டுக்கு மேல் ஒன்றுகூடப் போகக் கூடாது, சனிக்கிழமை பாட்டிலும் கூடாது, தறி ஓட்டுவதும் பைக் ஓட்டுவதும் கூடாது. ஓடும் தறிப் பக்கத்தில் வலிப்பு வந்தால் கை போய்விடும். மறுபடி வலிப்பு வந்தால் சாவியைத் தேடாதீர்கள். வலிப்பு பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே நிற்கும். சாவி கொடுத்த நேரமும் அது நிற்கும் நேரமும் ஒன்றாக அமைந்துவிடுவதால்தான் அந்த நம்பிக்கை இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் அடுத்தது வந்தாலோ 108.

இனி நரம்புக்கு வருவோம். "நரம்புத் தளர்ச்சி" என்று மருத்துவத்தில் ஒரு நோய் கிடையாது. சுவர் விளம்பரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். நரம்பு கயிறு அல்ல, தொய்ந்துபோவதற்கு. உங்கள் கணவரின் நரம்புகளில் நடந்திருப்பது வேறு, அதைப் புரிந்துகொண்டால் அவருடைய இரண்டாம் நாள் ஏன் அப்படி இருந்தது என்பதும் புரியும்.

கல்லில் கால் விரலை இடித்துக்கொண்டது நினைவிருக்கிறதா? முதலில் சுரீர் என்று ஒன்று. ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து விண் விண் என்று இன்னொன்று. ஒரே அடிதான், ஆனால் இரண்டு விதமான நரம்பு இழைகள் அதைச் சுமந்து வருகின்றன. மெல்லிய கொழுப்புறை போர்த்திய இழை நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. உறையே இல்லாத மிக மெல்லிய இழை நொடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர்தான் நகர்கிறது. கால் விரலிலிருந்து முதுகுத்தண்டுக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் தூரம், அதனால்தான் அந்த இடைவெளி. இரண்டும் தண்டுவடத்தின் பின்பகுதியில் வந்து கைமாற்றுகின்றன. அங்கே ஒரு கதவு மாதிரி ஏற்பாடு உண்டு: மூளைத்தண்டிலிருந்து இறங்கி வரும் நரம்புகள் "இது போதும், மேலே அனுப்பாதே" என்று அந்தச் செய்தியை அடக்க முடியும். அதற்கு உடம்பே சில ரசாயனங்களைத் தயாரிக்கிறது. அவற்றில் முதலாவதாகக் கண்டறியப்பட்டது என்கெஃபலின், 1975இல், ஸ்காட்லாந்தின் அபர்தீனில். அபின் வகை மருந்துகள் எல்லாமே, டிரமடால் உட்பட, இந்தச் சொந்த ரசாயனங்களுக்கான பூட்டில் போய் மாட்டிக்கொள்ளும் கள்ளச்சாவிகள். டிரமடாலுக்குக் கூடுதலாக இன்னொரு வேலையும் உண்டு. செரோட்டோனின், நார்அட்ரினலின் என்ற நரம்புச் செய்தி ரசாயனங்கள் இரண்டையும் நரம்பு முனைகள் திரும்ப உறிஞ்சிக்கொள்வதை அது தடுக்கிறது, மனச்சோர்வு மாத்திரைகள் செய்வதைப் போல. வலி மட்டும் குறையாமல் "மனசும் லேசாச்சு" என்று பலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கள்ளச்சாவி தினமும் பன்னிரண்டு வந்தால் நரம்பணு சும்மா இருக்காது. சில ஏற்பிகளை, அதாவது அந்தப் பூட்டுகளை, உள்ளே இழுத்துக்கொள்கிறது. மருந்து தன்னை அமுக்குகிறது என்று தெரிந்து, உள்ளே இயந்திரத்தை முன்பைவிட வேகமாக ஓட்டுகிறது. ஒன்று நான்காகி நான்கு பன்னிரண்டானது இப்படித்தான். மூளைத்தண்டில் லோகஸ் சீருலியஸ் என்று ஒரு சிறு நரம்பணுக் கூட்டம் இருக்கிறது. லத்தீனில் "நீல இடம்" என்று பொருள். உடம்பை உஷார்ப்படுத்தும் நார்அட்ரினலினை மூளைக்கு வழங்குவது அதுதான். மூன்று வருடமாக டிரமடால் அதன் மேல் உட்கார்ந்திருக்க, அது இரட்டிப்பு விசையோடு தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. மாத்திரையைச் சட்டென்று எடுத்தால்? அமுக்கும் கை போய்விடுகிறது, தள்ளும் விசை மட்டும் மிச்சம். படபடப்பு, வியர்வை, விரிந்த கண்மணி, புல்லரிப்பு, தூக்கமின்மை எல்லாம் அங்கிருந்து வருபவை. குடலுக்குத் தனி நரம்புப் பின்னல் உண்டு. மருந்து அதையும் கட்டிப்போட்டு மலச்சிக்கலைத் தந்திருக்கும், கட்டு அவிழ்ந்ததும் வயிற்றோட்டம். தலைக்குள் கரண்ட் அடிப்பது மற்ற அபின் மருந்துகளில் பெரும்பாலும் வராது. அது செரோட்டோனின் பக்கத்துக் கணக்கு. டிரமடாலை நிறுத்துபவர்களில் ஒரு பகுதியினருக்கு இதோடு பயம், சந்தேகம், இல்லாததைப் பார்ப்பது கேட்பது வரைகூடப் போகும். பேய் பிடித்துவிட்டது என்று எங்கும் கூட்டிக்கொண்டு போகாமல் இருக்கவே இதை எழுதுகிறேன்.

ஆக, நரம்பு அழியவில்லை. மருந்து இருக்கும் என்று எதிர்பார்த்துத் தன்னை மாற்றி அமைத்துக்கொண்டிருக்கிறது. மாற்றியதைத் திருப்பி மாற்றவும் அதற்குத் தெரியும், நேரம் கொடுத்தால். சத்து ஊசி இந்த வேலையைச் செய்யாது. ரத்தத்தில் பி12 குறைவாக இருந்தால் போடலாம், அதைப் பரிசோதித்துப் பார்த்துவிட்டு.

இப்போது நீங்கள் நேராகக் கேட்காத, ஆனால் கடிதத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கும் விஷயம்: நிறுத்தினால் இடுப்பு வலி கூடுகிறது. "பார், எனக்கு வலி இருக்கிறது, அதனால்தான் போடுகிறேன்" என்று அவர் சொல்வார். பொய் சொல்லவில்லை. வலி உண்மை. ஆனால் அது டிஸ்க்கின் வலியா, மருந்து இறங்கும் வலியா என்பதுதான் கேள்வி. அபின் வகை மருந்தை நெடுநாள் எடுத்தால் வலிச் செய்தியின் ஒலி அளவே கூட்டி வைக்கப்பட்டுவிடுகிறது. தொட்டாலே வலிக்கும் நிலைக்குச் சிலர் போகிறார்கள். பிரித்தறிய ஒரு வழி உண்டு. டிஸ்க் வலி உடம்பின் நிலையைப் பொறுத்தது: குனிந்தால், நெடுநேரம் உட்கார்ந்தால், இருமினால் கூடும், பெரும்பாலும் ஒரே காலில் பின்தொடை வழியாகக் கெண்டைக்கால்வரை கோடு போட்டது போல இறங்கும். மருந்து இறங்கும் வலி கடிகாரத்தைப் பொறுத்தது: கடைசி மாத்திரைக்குப் பின் இத்தனை மணி நேரம் என்று வரும், இடுப்போடு இரண்டு கால், தோள், எலும்பெல்லாம் சேர்ந்து வலிக்கும், கூடவே கொட்டாவியும் மூக்கொழுகலும் இருக்கும், மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்தில் மூன்றும் ஒன்றாகப் போய்விடும். ஒரு நோட்டில் நான்கு நாள் எழுதச் சொல்லுங்கள்: மாத்திரை போட்ட மணி, வலி வந்த மணி, எங்கே, கூட என்ன. நீங்கள் சொல்வதைவிட அந்த நோட்டு சொல்வதை அவர் நம்புவார்.

மலம் சிறுநீர் அடக்க முடியாமல் போவது அல்லது சிறுநீர் வராமல் அடைப்பது, உட்காரும் இடம் மரத்துப்போவது, பாதம் தூக்க முடியாமல் தொங்குவது, இவற்றில் எது வந்தாலும் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். அது முதுகுத்தண்டின் அவசரம், அன்றே மருத்துவமனை.

சிகிச்சைக்கு வருகிறேன். ஒரு நாளைக்கு ஐந்தாறு மாத்திரை, வலிப்பு வந்ததில்லை, குடியில்லை என்றால் வெளிநோயாளியாகவே படிப்படியாகக் குறைக்கலாம். ஆறு மாத்திரைக்காரர் வாரம் அரை மாத்திரை குறைத்து எட்டு வாரத்தில் இரண்டுக்கு வரலாம். அதன்பின் அரை மாத்திரைக்கு இரண்டு வாரம் என்று வேகத்தைப் பாதியாக்க வேண்டும், மொத்தம் நான்கு மாதம். கடைசியில் ஏன் மெதுவாக? மருந்து அளவும் ஏற்பிகளில் அமர்வதும் நேர்க்கோட்டில் போவதில்லை. முதல் கொஞ்சமே நிறைய இடத்தைப் பிடிக்கும், பிறகு கூடுவது குறைவு. அதனால் பன்னிரண்டிலிருந்து பத்துக்கு இறங்குவது பெரிதாகத் தெரியாது, ஒன்றிலிருந்து பூஜ்யத்துக்கு இறங்குவது பள்ளத்தில் விழுவது போல இருக்கும். "ஒன்றுதானே, விட்டுவிடு" என்று வீட்டார் அவசரப்படுத்துவதும் சரியாக அந்த இடத்தில்தான்.

உங்கள் கணவருக்கு இந்த வழி வேண்டாம் என்பது என் கருத்து. 450 மில்லிகிராம், ஒரு வலிப்பு, மது. மனநலப் பிரிவில் ஏழிலிருந்து பத்து நாள் உள்நோயாளியாகச் சேர்ப்பதே பாதுகாப்பு. அங்கே கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனை முதலில். பிறகு பெரும்பாலும் பியூப்ரனார்ஃபின், நாலக்சோன் கலந்த மாத்திரையை ஆரம்பிப்பார்கள். இதுவும் அதே பூட்டில் மாட்டும் சாவிதான், ஆனால் பாதிதான் திருகும், மாட்டினால் எளிதில் கழன்றும் வராது. அதனால் போதை ஏறாமல், மாத்திரையை நிறுத்தும்போது வரும் அறிகுறிகள் அடங்குகின்றன. மூச்சை அமுக்குவதிலும் ஓர் எல்லைக்கு மேல் போகாது. ஒரு வேளை மருந்து ஒரு நாள் முழுக்க நிற்கும். கடைசி டிரமடாலுக்குப் பின் குறைந்தது 12 மணி நேரமாவது (மெதுவாகக் கரையும் வகையானால் 24) காத்திருந்து, அறிகுறிகள் தெளிவாகத் தொடங்கிய பின்தான் முதல் மாத்திரை தருவார்கள். அவசரப்பட்டு முன்னாலேயே போட்டால் இது டிரமடாலைத் தள்ளிவிட்டு இடத்தைப் பிடிக்கும், பாதிதான் திருகும் என்பதால் மொத்த அவஸ்தையும் ஒரே மணி நேரத்தில் வந்து இறங்கும். கண்மணி, நாடித்துடிப்பு, கொட்டாவி, புல்லரிப்பு என்று பதினோரு அம்சங்களுக்கு மதிப்பெண் போட்டு நர்ஸ் காத்திருப்பது அதற்குத்தான். "கேட்டாலும் மருந்து தரமாட்டேன் என்கிறார்கள்" என்று அன்று கோபப்பட வேண்டாம்.

இதை நாக்குக்கு அடியில் வைத்துக் கரைய விட வேண்டும், ஐந்து பத்து நிமிடம். பேசக் கூடாது, எச்சிலை விழுங்கக் கூடாது, விழுங்கினால் மருந்தில் பெரும்பகுதி வீண். கரைந்த பின் வாய் கொப்பளித்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பல் துலக்கலாம், பல்லுக்கு நல்லது. பொதுவாக 2 மில்லிகிராமில் தொடங்கித் தேவைக்கு ஏற்ப ஏற்றுவார்கள். சாதாரண மெடிக்கலில் இதை வாங்க முடியாது, சிகிச்சை மையங்கள் வழியாகத்தான் வரும். "ஒரு பழக்கத்தை விட்டு இன்னொரு பழக்கமா?" என்று உறவில் யாராவது நிச்சயம் கேட்பார்கள். சர்க்கரைக்கு மாத்திரை போடுபவரிடம் யாரும் அதைக் கேட்பதில்லை. எத்தனை மாதம் என்பதை மருத்துவரும் அவரும் முடிவு செய்யட்டும். பத்து நாளில் நிறுத்தினால்தான் வீரம் என்று நினைப்பவர்களே அதிகம் வழுக்குகிறார்கள்.

சில மையங்களில் இதற்குப் பதிலாக குளோனிடின் தருவார்கள். அந்த நீல இடத்தின் கூச்சலை அடக்கும் மருந்து. ரத்த அழுத்தத்தை இறக்கிவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் அழுத்தம் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும், வீட்டில் கைமருந்தாக வாங்கிக் கொடுக்கக் கூடாது. மாத்திரை கேட்டுத் தொல்லை தாங்காமல் பிரிகாபலின் என்ற நரம்பு வலி மாத்திரையோ தூக்க மாத்திரையோ தாமாக வாங்கிச் சேர்ப்பதும் இங்கே நடக்கும் தவறு. டிரமடாலோடு அவை சேர்ந்தால் தூக்கத்தில் மூச்சு குறையும்.

கொழுந்தனாரிடம் அந்தச் சாப்பாட்டு மருந்தை வாங்க வேண்டாம் என்று உடனே சொல்லிவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. அப்படி விற்கப்படுவதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அது நால்ட்ரெக்சோனாக இருந்தால் நிலைமை விபரீதம். நல்ல மருந்துதான், ஆனால் பூட்டையே அடைத்துவிடும் மருந்து. டிரமடால் உடம்பில் இருக்கும்போது ரசத்தில் கலந்து கொடுத்தீர்கள் என்றால் அரை மணி நேரத்தில் வாந்தி, பேதி, வெறி பிடித்தது போன்ற தவிப்பு என்று அவரைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும். அபின் வகை மருந்து எதுவும் இல்லாமல் ஏழு முதல் பத்து நாள் கழிந்த பின், அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்துப் போட வேண்டியது அது. தெரியாமல் கொடுத்தது தெரியவந்தால் அப்புறம் நீங்கள் ஊற்றும் தண்ணீரைக்கூட அவர் சந்தேகப்படுவார். ஆறு மாதம் அடைத்து வைப்பதும் அதே மாதிரிதான். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. மருத்துவரே இல்லாத இல்லத்தில் வலிப்பு வந்தால் பார்க்க ஆளிருக்காது.

மருத்துவமனையோ இல்லமோ, பெரிய ஆபத்து அங்கிருந்து வெளியே வரும் நாளில்தான். இரண்டு வாரம் விட்டிருந்தாலே உடம்பின் தாங்கும் சக்தி இறங்கிவிடும், ஆனால் மனதில் "எனக்கு நாலு மாத்திரை ஒரே மடக்கு" என்ற பழைய அளவே பதிந்திருக்கும். அந்த நாலும் ஒரு குவார்ட்டரும் சேர்ந்தால் மூச்சு நிற்கலாம். எழுப்பினால் எழாமை, ஊசிமுனை போலச் சுருங்கிய கண்மணி, நிமிடத்துக்குப் பத்துக்கும் குறைவான மூச்சு, நீலம் பாரித்த உதடு: இதில் எதைக் கண்டாலும் மோர், எலுமிச்சை, உப்புத் தண்ணீர் எதையும் வாயில் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐக் கூப்பிடுங்கள்.

முதல் பத்து நாள் முடிந்ததும் எல்லாம் முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். தூக்கம் வர வாரக்கணக்கில் ஆகும். ராத்திரி கால் தானாக உதறும். பிறகு ஒரு வெறுமை வரும்: பிரியாணியும் ருசிக்காது, குழந்தை சிரித்தாலும் ஒட்டாது. மூன்று வருடமாக மகிழ்ச்சிக்கான டோபமைனை மாத்திரையே கிளப்பிக்கொண்டிருந்தது. சாதாரண இன்பங்களுக்கு மூளை மீண்டும் பழக மாதங்கள் ஆகும். தாம்பத்திய ஆர்வம் குறைந்திருந்தால் அதற்கும் இந்த மருந்துகள் ஆண் ஹார்மோனைக் குறைப்பது ஒரு காரணம். அது மெல்லத் திரும்பும், உங்கள் மேல் பிரியம் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தக் காலத்தில் இடுப்புக்கு வேறு வழி இருந்தே ஆக வேண்டும். பிசியோதெரபி, வெந்நீர் ஒத்தடம், முதல் வாரம் காலை மாலை பத்து நிமிட நடை, பிறகு வாரம் இரண்டு மூன்று நிமிடம் கூட்டுவது. பீம் தூக்கும் வேலை இனி இன்னொருவருக்கு. பல் பிடுங்கினாலும் எலும்பு முறிந்தாலும் "டிரமடால் பழக்கம் இருந்தது" என்று முதலிலேயே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

ஆசை ஓர் அலை மாதிரி வரும், அரை மணி நேரத்துக்குள் பெரும்பாலும் தணியும். அந்த அரை மணி நேரத்தில் மாத்திரை எட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். தறிக்குடோன் ஜன்னல், பைக் சீட்டுக்கு அடி, சட்டைப் பை, எல்லா அட்டையையும் அவரே எடுத்துத் தரட்டும், நீங்கள் துருவித் தேட வேண்டாம். சீட்டில்லாமல் அட்டை கொடுத்த மெடிக்கல் வழியாக வேலைக்குப் போகும் பாதையையும் மாற்றுங்கள். சிலர் வீட்டிலேயே சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டை வாங்கிப் பார்ப்பார்கள். சாதாரண அபின் பட்டையில் டிரமடால் தெரியாது, அதற்கென்று தனிப் பட்டை உண்டு. "நெகட்டிவ்" என்று நிம்மதி அடைவதும் பயன் இல்லை, அதை வைத்துச் சண்டை போடுவதும் பயன் இல்லை.

போலீஸ் பயம் அவருக்கு இருக்கலாம். 2018இலிருந்து டிரமடால் போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது என்பது உண்மை. ஆனால் பயன்படுத்தியதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்குக்கு உள்ளாகும் அடிமைப்பட்டவர் தானாக முன்வந்து அரசு அல்லது அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை பெற்றால், அந்த வழக்கிலிருந்து பாதுகாப்புத் தரும் பிரிவும் (64ஏ) அதே சட்டத்தில் இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நேராகப் போகலாம். எங்கே போவது என்று பேசித் தெரிந்துகொள்ள 14446 போதை மீட்பு உதவி எண், 14416 டெலிமானஸ், இரண்டுமே இலவசம்.

போகும்போது கையிலிருக்கும் அட்டைகளையும் பழைய ஸ்கேன் படத்தையும் அந்த நாலு நாள் நோட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். வலிப்பு வந்த தேதி, அன்று எத்தனை மாத்திரை, எவ்வளவு குடித்தார் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்ல அவருக்குத் தோன்றும். பன்னிரண்டை எட்டு என்று சொன்னால் மருத்துவர் எட்டுக்குத்தான் மருந்து எழுதுவார், இரண்டாம் நாள் ராத்திரி அவர் சுவர் ஏறிக் குதிக்க வழி பார்ப்பார். வாசலிலேயே அவரிடம் இதைச் சொல்லிவிட்டு உள்ளே கூட்டிப் போங்கள்.